சோகப் பாட்டு ஏன் பிடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளும், கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் பெரியவர்களும் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஆராய்ச்சியாளர்கள் பதில் தேடியிருக்கிறார்கள். சிலவற்றுக்கு எங்கள் ஊரின் வழக்கத்திலேயே பதில் இருக்கிறது.

துக்கம் என்றால் எல்லோரும் விலகி ஓடுகிறோம். பிறகு சோகப் பாட்டை மட்டும் ஏன் தேடிப்போய்க் கேட்கிறோம்?

பாட்டில் வரும் துக்கத்துக்கு நாங்கள் எதையும் பறிகொடுக்க வேண்டியதில்லை. சொந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அழவே நேரம் கிடைக்காது. பந்தலுக்குச் சொல்ல வேண்டும், ஐயரைக் கூப்பிட வேண்டும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும். பாட்டுக் கேட்கும்போது அந்த அலைச்சல் ஒன்றும் இல்லை. துக்கம் மட்டும் வருகிறது, ஐந்து நிமிடத்தில் முடிகிறது, எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம்.

2014 இல் லீலா தாருஃபி, ஸ்டெஃபான் கோல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேர்லினிலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல நாடுகளைச் சேர்ந்த 772 பேரிடம் சோக இசையால் என்ன கிடைக்கிறது என்று கேட்டிருந்தார்கள். வந்த பதில்களை நான்காக வகுத்தார்கள்: கற்பனை விரிகிறது, மனம் ஆறுகிறது, மற்றவரின் துயரத்தை உணர முடிகிறது, நிஜ வாழ்க்கையில் பின்விளைவு ஒன்றும் இல்லை. அந்த ஆய்வில் எனக்கு ஆகப் பிடித்தது இன்னொன்று. சோக இசை கேட்கும்போது அதிகம் பேருக்கு வந்த உணர்வு சோகமே இல்லை, பழையதை நினைத்து ஏங்குகிற ஏக்கம்தான் முதலிடத்தில் இருந்தது.

என் அனுபவத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்வேன். அது துணை. ஒருவர் தன் துயரத்தைச் சுருதி பிசகாமல் பாடுகிறார் என்றால், அதைத் தாங்கிக்கொண்டுதான் பாடுகிறார். நான் நிற்கிற இடத்தில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருக்கிறார் என்ற நினைப்பு வருகிறது. கீழே வரும் பதில்கள் பலவற்றில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை.

ஒரு பாட்டு சோகமானது என்று காது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதை நான் படித்து அறிவதற்கு முதல், ஒரு சைக்கிள் எனக்குக் காட்டித் தந்தது.

90களின் தொடக்கம், போர்க்காலம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. பாட்டுக் கேட்க ஆசை வந்தால் அய்யா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் பட நிறுத்துவார். டைனமோவைப் பின் டயரில் முட்ட விட்டு, அதிலிருந்து வயரைக் கசெற் ரேடியோவுக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் தம்பியின் வேலை. அவன் வேகமாகச் சுற்றினால் பாட்டுக்காரர் சுறுசுறுப்பாகப் பாடுவார். கை உளைந்து சுற்று தளரும்போது பாட்டும் இழுபடும், குரல் தாழும், சொல்லெல்லாம் மெழுகு மாதிரி வழியும். சந்தோஷமான ஒரு காதல் பாட்டு அப்படியே அழுகைப் பாட்டாக மாறிப்போகும். அம்மம்மா ஒருநாள் திண்ணையிலிருந்து, "ஏன் மோனை, அவருக்கு என்ன நடந்தது?" என்று உண்மையாகவே கேட்டா.

அவ கேட்டதில்தான் பதில் இருக்கிறது. துக்கத்தில் இருக்கிற மனிதன் மெல்லக் கதைப்பான், தாழ்ந்த குரலில் கதைப்பான், ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும், சொல் தேய்ந்து வரும். உப்சாலா பல்கலைக்கழகத்து உளவியலாளர் பற்றிக் யூஸ்லினும் அவருடைய சகா லௌக்காவும் 2003 இல், பேச்சில் உணர்ச்சி வெளிப்படுவதைப் பற்றிய ஆய்வுகளையும் இசையில் வெளிப்படுவதைப் பற்றிய ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் சோகத்துக்கு ஏறத்தாழ ஒரே அடையாளங்கள். காது பாட்டிலும் ஒரு மனிதக் குரலைத்தான் தேடுகிறது. புல்லாங்குழலும் வயலினும் அழுவதாக நாங்கள் சொல்வது அதனால்தான்.

மொழி தெரியாத பாட்டுக்கும் கண் கலங்குகிறதே?

கலங்கும். 1999 இல் போல்க்வில், தொம்சன் என்ற இருவர், வட இந்திய ராகங்களை முன்பின் கேட்டறியாத மேலைநாட்டவர்களுக்கு அவற்றைப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சிக்கு வாசித்தது எது, சோகத்துக்கு வாசித்தது எது, கோபத்துக்கு வாசித்தது எது என்று கேட்டவர்கள் பெரும்பாலும் சரியாகப் பிரித்துச் சொன்னார்கள். அமைதியைக் குறித்த ராகங்களில்தான் தடுமாறினார்கள். ஆக, வேகமும் சுரத்தின் நடையும் மொழி தெரியாமலே கொஞ்சத் தூரம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மிச்சத் தூரத்துக்குப் பழக்கம் வேண்டும்.

அப்படியென்றால் முகாரி ராகத்திலேயே சோகம் இருக்கிறதா?

புலம்பாதே என்பதற்கு "முகாரி பாடாதே" என்று பேச்சு வழக்கே இருக்கிறது. ஆனால் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடியதும் இதே முகாரியில்தான். ராகம் என்பது சுரங்களின் பட்டியல் இல்லை. எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், எப்படி அசைக்கிறோம், எவ்வளவு மெல்லப் போகிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் ராகம். முகாரியில் ஏறும்போது ஒரு தைவதம் ('த' என்ற சுரம்), இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த இன்னொரு தைவதம். அந்த இறக்கத்தில் ஒரு பெருமூச்சின் சாயல் இருக்கிறது. ஒரு பாடகர் அதில் தங்கினால் நெஞ்சு கனக்கும். தங்காமல் கடந்து போனால் அதே ராகம் நெகிழ்ச்சியாகவும் நன்றியாகவும் கேட்கும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகவும் பாடிக் காட்டுவேன், அவர்களே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

பழந்தமிழிசையில் விளரி என்ற பண் இரங்கலுக்கு உரியது. நெய்தல் நிலத்தின் உரிப்பொருளும் இரங்கல்தான். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பிக்கும்போது எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கும்.

காலையில் ஆகிரி ராகம் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காதாமே? சோகப் பாட்டு வீட்டுக்குத் தரித்திரமா?

இல்லை. நான் காலையில் பாடிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஒப்பாரியையும் இசை என்று சொல்லலாமா? அதை யார் விரும்பிக் கேட்பார்கள்?

சொல்லலாம். ஒப்பு என்றால் ஒத்திருப்பது. செத்தவரைக் குத்துவிளக்கு என்றும் குலை வாழை என்றும் ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சொல்வதுதான் ஒப்பாரி. அதில் ஒரு மெட்டு உண்டு, மூச்சு முடிகிற இடத்தில் ஓர் இழுப்பு உண்டு, பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அசைகிற தாளமும் உண்டு.

எங்கள் செத்தவீடு ஒன்றில் எத்தனை வகை இசை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முற்றத்தில் பறைமேளம். உள்ளே ஒப்பாரி. கிரியையின்போது மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் பாடச் சுண்ணம் இடிப்பார்கள். 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி வந்தால் கையில் ஒரு கல்வெட்டுப் புத்தகம் தருவார்கள். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயாலும் பாட்டு எழுதியிருக்கும். அச்சடித்த ஒப்பாரி அது. எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு முழுவதும் அந்தப் புத்தகங்கள்தான். அம்மா மத்தியானத்தில் சும்மா இருக்கிற நேரம் ஒன்றை எடுத்து, வாய்க்குள் மெட்டோடு வாசிப்பா. யாருடையது என்றுகூடப் பார்க்க மாட்டா.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா இருந்தா. மகன் காணாமல் போனவன். உடல் இல்லை, அந்தியேட்டி இல்லை, கல்வெட்டு இல்லை. செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவும் இல்லை, அப்படிச் சொல்ல அவ விடவும் இல்லை. ஊரில் எந்தச் செத்தவீடு என்றாலும் முதல் ஆளாகப் போய்விடுவா. அங்கே ஒப்பாரி சொல்லும்போது இறந்தவரின் பெயரில் தொடங்குவா. கொஞ்ச நேரத்தில் பாட்டுக்குள் ஒரு இளம் பெடியன் வந்துவிடுவான், பள்ளிக்கூடச் சேட்டு வரும், மூடி வைத்த சோறு வரும். சுற்றியிருந்த பெண்கள் ஒருவரும் அவவை மறிக்க மாட்டார்கள். தங்கள் கையை எடுக்காமல் அவவோடு சேர்ந்து அசைவார்கள்.

ஒப்பாரியை விரும்பிக் கேட்பவர் யார் என்ற கேள்விக்கு நான் அந்த அம்மாவைத்தான் சொல்வேன். தன் துக்கத்துக்கு இடமில்லாதவர், பிறருடைய பாட்டுக்குள் இடம் கேட்கிறார். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போரின் மனவடுவைத் தனி ஆளின் காயமாக மட்டும் பார்க்காமல் ஊரின் காயமாகவும் பார்க்க வேண்டும் என்று எழுதி வந்திருக்கிறார்கள். ஊரின் காயத்துக்கு ஊர் கூடித்தானே அழ வேண்டும்.

அந்தக் காலத்தில் விடிய விடிய இருந்து மயான காண்டம் பார்த்தார்களாமே? கதை முழுக்கத் தெரிந்த பிறகும் ஏன்?

நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாக வரும் மயான காண்டம் என்ற இசை நாடகம் பற்றித்தான் கேட்கிறீர்கள். எங்கள் பெரியவர்கள் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் மாறும். பாம்பு தீண்டி மகன் லோகிதாசன் இறந்துவிட்டான். சந்திரமதி பிள்ளையைச் சுமந்துகொண்டு சுடலைக்கு வருகிறாள். அங்கே காவல் நிற்பவன் சுடலைக் கூலி கேட்கிறான். அவன்தான் அவளுடைய புருஷன். கோயில் வீதியில் பாய் போட்டு இருந்த அத்தனை பேருக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும். தெரிந்ததால்தான் வந்தார்கள். எந்த இடத்தில் நெஞ்சு உடையும் என்று முன்கூட்டியே அறிந்து, அந்த இடத்துக்காகக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரும் அதே இடத்துக்காகக் காத்திருக்கிறார் என்பது இன்னொரு சுகம்.

கத்தோலிக்கக் கிராமங்களில் தபசு காலத்தில் பாடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கமும் இப்படித்தான். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. வருடா வருடம் அதே வரி, அதே இழுப்பு, அதே கண்ணீர். குருநகர்ப் பக்கத்துச் சிநேகிதி ஒருத்தி சொன்னாள், அதைக் கேட்காமல் பெரிய வெள்ளி வந்தால் அவளுக்கு அது பெரிய வெள்ளியே இல்லையாம்.

மூளையில் உண்மையில் என்ன நடக்கிறது?

இரண்டு விஷயம் சொல்லலாம், ஒன்று உறுதியானது, மற்றது இன்னும் விவாதத்தில் இருப்பது.

மொன்றியலில் சலிம்பூர், சடோர் முதலானோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், புல்லரிக்க வைக்கும் இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் சுரப்பதைப் படம்பிடித்தார்கள். சாப்பாடு கண்டால் சுரக்கிற அதே பொருள். புல்லரிக்கும் கணத்தில் ஓர் இடத்திலும், அதற்குச் சற்று முன்னால், 'இதோ வருகிறது' என்று காத்திருக்கும்போது இன்னோர் இடத்திலும் சுரந்தது. மயான காண்டத்துக்குக் காத்திருந்தவர்களை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது புரோலக்டின் என்ற ஹோர்மோன். பால் கொடுக்கும் தாய்க்குச் சுரப்பது, அழும்போதும் சுரந்து ஆற்றுவது. 2011 இல் டேவிட் ஹியூரன் என்ற இசை ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: சோக இசை உடம்பை ஏமாற்றிப் புரோலக்டினைச் சுரக்க வைக்கிறது, உண்மையான இழப்பு இல்லாததால் ஆறுதல் மட்டும் மிஞ்சுகிறது. கேட்க மிக அழகான விளக்கம். ஆனால் 2021 இல் துவோமாஸ் ஈரோலாவும் சகாக்களும் இரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, பிறர் துயரத்தில் எளிதாக உருகும் ஆட்களுக்குச் சோக இசையின்போது புரோலக்டின் கூடவில்லை, குறைந்தது. அழகான விளக்கம் என்பதற்காகவே பலர் இன்னும் பழையதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லாதீர்கள்.

மினிபஸ்ஸில் ஏறினால் காதல் தோல்விப் பாட்டுத்தான். சோகம் என்றால் அது மட்டும்தானா?

தொல்காப்பியர் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுவது, இழப்பது, இருந்த நிலை கெட்டுப்போவது, இல்லாமை. காதல் தோல்வியை இழவில் சேர்க்கலாம், நான்கில் ஒன்று. மூன்றாவதை எங்கள் தலைமுறை நடந்தே அறிந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு மழையில் ஒரே சனவெள்ளம். அய்யா அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், கரியரில் அம்மம்மா. வீடும் கிணறும் இருந்தவர்கள் விடியும்போது பாடசாலை விறாந்தையில் ஒரு பாய்க்கு இடம் தேடினோம். அசைவு என்ற சொல்லை வகுப்பில் விளக்க எனக்கு இதைவிட வேறு உதாரணம் தேவைப்பட்டதில்லை.

சரி, மினிபஸ் பாட்டை நான் குறைவாகச் சொல்லவில்லை. வாய்விட்டு அழப் பழக்கப்படாத ஆம்பிளைகளுக்கு அந்தப் பாட்டு ஒன்றாவது இருக்கட்டும்.

கனடாவில் இருக்கிற அண்ணா நாதஸ்வரம் கேட்டாலே அழுகிறார். கலியாண மேளத்துக்கு ஏன் அழ வேண்டும்?

இளமையில் கேட்ட இசை மற்றெல்லாவற்றையும் விட ஆழமாகப் பதிகிறது, பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்டது குறிப்பாக. அந்த இசையோடு அன்றைய வெயில், மணல், கற்பூர மணம் எல்லாம் சேர்ந்து கட்டுப்பட்டிருக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, பனி கொட்டுகிற ஊரில் அதே சத்தம் கேட்டால் வீதி வரும், கூட நடந்த ஆட்களும் வருவார்கள். ஆட்களில் பலர் இன்று இல்லை. மேளம் மங்கலமானதுதான், அழுகை அவர்களுக்கானது. அவரை அழ விடுங்கள்.

ஏ.எல். படிக்கிற மகள் இரவில் ஹெட்போனோடு சோகப் பாட்டே கேட்கிறாள். பயமாக இருக்கிறது.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், ஆறுதலாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

அந்த வயதில் சோகப் பாட்டுக் கேட்பது சாதாரணம். பெரும்பாலானவர்களுக்கு அது மனதை இறக்கி வைக்கிற வழி. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும் சுபாவம் உள்ளவர்களுக்கும் மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் சோகப் பாட்டு மனதை இன்னும் இறக்கிவிடலாம் என்று சண்ட்ரா கரிடோ, எமெரி ஷூபர்ட் ஆகியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்கள் அந்தப் பாட்டு உதவுகிறது என்றே நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பதும் உண்டு.

எனவே பாட்டைப் பார்க்காதீர்கள், பாட்டுக்குப் பிறகு பிள்ளையைப் பாருங்கள். கேட்டு முடிந்து எழும்பி வந்து சாப்பிடுகிறாளா, சிநேகிதிகளோடு கதைக்கிறாளா? அப்படியென்றால் விடுங்கள். நித்திரை குழம்பி, சாப்பாடு குறைந்து, முன்பு விரும்பிச் செய்தவற்றை விட்டு, ஒரே பாட்டுக்குள் முடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அல்லது சாவைப் பற்றி ஒரு சொல் வந்தாலும், அது சங்கீத ரீச்சரிடம் கேட்கிற விஷயம் இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

ஹெட்போனைப் பறிக்க வேண்டாம். முன்பு ஒப்பாரிக்குள் பத்துப் பெண்கள் இருந்தார்கள், மயான காண்டத்துக்கு ஊரே இருந்தது. இப்போது பிள்ளை தனியாக இருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருநாள் பக்கத்தில் இருந்து, ஹெட்போனின் ஒரு காதை வாங்கி நீங்களும் கேளுங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், பாட்டு முடியும்வரை இருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய் அப்படிச் செய்தபோது, மூன்றாவது பாட்டில் பிள்ளை தானாகவே வாய் திறந்தாள்.

எனக்குச் சோகப் பாட்டுப் பிடிக்கவே பிடிக்காது. என்னில் ஏதும் குறையா?

ஒரு குறையும் இல்லை. பிறர் துயரத்தில் எளிதாக உருகுபவர்களுக்கும் புதிய அனுபவங்களைத் தேடுபவர்களுக்கும் சோக இசை கூடுதலாகப் பிடிக்கிறது என்று 2012 இல் வூஸ்கோஸ்கி குழுவின் ஆய்வு ஒன்று சொன்னது. அது சராசரி பற்றிய பேச்சு. பாட்டுக்கு அழாமல், செத்தவீட்டுக்கு வந்து விறகு கொத்தித் தருகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் என்ன கேட்பீர்கள்?

அய்யாவின் பழைய கசெற் ஒன்று. அவருடைய 31ஆம் நாள் பின்னேரம், வந்த ஆட்கள் போன பிறகு, பக்கத்து வீட்டில் ஒரு பழைய கசெற் ரேடியோ இரவல் வாங்கிப் போட்டேன். வர முடியாமல் போன தம்பி லண்டனிலிருந்து போனில் இருந்தான். போனை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாடா நைந்துபோனதோ என்னவோ, இரண்டாவது பாட்டின் நடுவில் குரல் இழுபட்டுத் தாழ்ந்தது.

போனுக்குள் தம்பி கேட்டான், "ஆர் பெடல் சுத்துறது?"

பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை. முடிந்ததும், "இன்னொருக்காப் போடு" என்றான். போட்டேன்.